டச்சு வணிகக் காசுகளில் லத்தீன் யாருக்காக?

காசு நோட்டம் பார்க்கிறவர் கையில் ஒரு பழைய வெள்ளிக் காசு வந்தால் முதலில் எடை போடுவார். அடுத்து மாற்றுப் பார்ப்பார். அதன் பிறகு அச்சின் சாயல். விளிம்பைச் சுற்றி ஓடும் எழுத்துகள் அவருக்குக் கடைசி. சந்தையில் இந்த வரிசை சரிதான். காசின் விலை அதன் உலோகத்தில் இருக்கிறது. காசுகளை இனம் பிரித்துப் பட்டியல் எழுதும் எங்களுக்கு வரிசை தலைகீழ். எழுத்தில் தொடங்கித்தான் எடைக்கும் மாற்றுக்கும் போகிறோம். அப்படிப் படிக்கும்போது 17, 18ஆம் நூற்றாண்டு டச்சு வணிகக் காசுகள் ஒரு கேள்வியை எழுப்பிக்கொண்டே இருக்கின்றன. இவை உள்ளூர்க் கடைத்தெருவுக்காக அடிக்கப்பட்டவை அல்ல. அலெப்போ, கெய்ரோ, சூரத், பழவேற்காடு, பட்டேவியா என்று கப்பலேறிப் போவதற்காக அடிக்கப்பட்டவை. போன இடங்களில் லத்தீன் படிக்கத் தெரிந்தவர்கள் அநேகமாக இல்லை. காசுப் பெட்டியைச் சுமந்த மாலுமிக்கும் தெரியாது. இருந்தும் காசின் இரு புறமும் விளிம்பு நிறைய லத்தீன். டுக்காட் என்ற தங்கக் காசின் பின்புறத்தில் உருவமே கிடையாது. ஒரு சதுரப் பலகையும் அதனுள் வரிவரியாக லத்தீனும்தான். படிக்க முடியாதவர்களுக்கு அனுப்பும் பொருளில் இவ்வளவு எழுதி வைத்தது ஏன்?

இதற்கு எங்கள் தொழிலில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் மூன்று: ஐரோப்பிய மரபு, பக்தி, நாட்டுப் பெருமை. மூன்றிலும் உண்மை இருக்கிறது, மூன்றும் சேர்ந்தாலும் போதவில்லை என்பது என் கருத்து. இந்த வாசகங்கள் அடிப்படையில் ஒரு பொறுப்புச் சீட்டு. இந்தக் காசுக்கு யார் பொறுப்பு, எந்தச் சட்டத்தின்படி இதன் எடையும் மாற்றும் என்ற இரண்டு கேள்விகளுக்கு, ஐரோப்பிய அரசுகளும் அக்கசாலைத் தணிக்கையாளர்களும் ஏற்கும் மொழியில் எழுதிய விடை. கடல் கடந்த பிறகு அந்த விடையை யாரும் படிக்கவில்லை. அங்கே எழுத்து வேறொரு வேலையைச் செய்தது: மாறாமல் இருந்தது. இந்த இரட்டை வாழ்வைப் புரிந்துகொண்டால்தான், தாங்கள் பெயர் சொல்லும் அரசுகள் செத்துப்போன பிறகும் இந்தச் சொற்கள் காசில் ஏன் நிலைத்தன என்பது விளங்கும்.

சிங்க டாலரிலிருந்து தொடங்குவோம். டச்சு மொழியில் லேயுவன்டால்டர். முன்புறம் ஒரு போர்வீரன், அவன் கால்களை மறைத்தபடி சிங்கம் பொறித்த கேடயம். பின்புறம் பின்னங்காலில் எழுந்து நிற்கும் பெரிய சிங்கம். எடை ஏறக்குறைய 27.68 கிராம், வெள்ளி ஆயிரத்துக்கு 750 பங்கு. மாகாணங்கள் எல்லாம் இதை அடிக்கத் தொடங்கிய காலத்துக் காசு ஒன்றை உச்சியில் தொடங்கி வலப்புறமாகப் படித்தால் முன்புறத்தில் 'மோ. ஆர்க். ப்ரோ. கன்ஃபோ. பெல்க். ஹோல்.' என்று இருக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு சொல்லின் தலை: மொனேட்டா, ஆர்கென்டியா, ப்ரொவின்சியாரும், கன்ஃபோடெராட்டாரும், பெல்ஜிக்காரும், ஹோலாண்டியே. ஒன்றிணைந்த பெல்ஜிய மாகாணங்களின் வெள்ளிக் காசு, ஹாலந்துடையது என்று பொருள். அந்தக் காலத்து லத்தீனில் தாழ்நாடுகள் முழுவதற்கும் பெல்ஜியம் என்றே பெயர். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் இது காசு என்ற அறிவிப்பு, பிறகு உலோகம், பிறகு அதிகாரம், கடைசியில் அடித்த மாகாணம். ஒரு பத்திரத்தில் சொத்தின் விவரமும் உரிமையாளர் பெயரும் ஊரும் வரும் முறை இதுதான். இதில் அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை.

இந்தக் காசு முதலில் வந்த ஆண்டு 1575. ஹாலந்து அப்போது ஸ்பெயின் அரசன் இரண்டாம் பிலிப்புக்கு எதிராகப் போரிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் அவனை அரசன் அல்ல என்று மாகாணங்கள் முறைப்படி அறிவித்தது 1581 ஜூலையில்தான். ஆறு ஆண்டுகள் முன்னதாகவே, அரசன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஹாலந்து மாகாண அவையின் பெயரைக் காசு ஏற்றுக்கொண்டுவிட்டது. காசடிக்கும் உரிமை அரசனுடையது என்பது அன்றைய ஐரோப்பாவின் பொது விதி. அரசனில்லாத ஒரு சபை காசடித்தால் அது கள்ளக் காசா இல்லையா என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, அரசர்களின் காசுகளில் இருந்த அதே மொழியும் அதே சொல் வரிசையும் தேவைப்பட்டன. டச்சு மொழியில் எழுதியிருந்தால் அது ஹாலந்துக்காரனிடம் பேசியிருக்கும். லத்தீனில் எழுதியது கொலோன் நகரத்துக் காசு அதிகாரியிடமும் பாரிஸ், லண்டன் நாணய மாற்றுக்காரரிடமும் பேசியது. எல்லா ஐரோப்பியக் காசிலும் லத்தீன் இருந்ததே, இதில் என்ன தனிச்சிறப்பு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். லத்தீன் வந்ததை மரபு விளக்கும். அந்த லத்தீனில் அரசனை எடுத்துவிட்டுச் சபையை வைத்ததை மரபு விளக்காது. அது துணிந்து செய்த சட்டச் செயல்.

பக்தி என்ற பதிலை இன்னும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சிங்க டாலரின் பின்புறத்தில் 'கன்ஃபிடென்ஸ் டோமினோ நான் மொவேட்டுர்' என்ற வாசகம் ஓடுகிறது. ஆண்டவனை நம்புகிறவன் அசைக்கப்படுவதில்லை என்ற கருத்து. 125ஆம் சங்கீதத்தை ஒட்டி அமைந்தது. போர்க்காலத்துப் புராட்டஸ்டன்ட் நாடு வேத வசனத்தைக் காசில் போட்டதில் வியப்பில்லை என்று இதைக் கடந்து போவது சுலபம். ஆனால் அதே காலத்தில் அதே சந்தையில் பிலிப்பின் பெரிய வெள்ளிக் காசும் புழங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்புறத்தில் 'டோமினுஸ் மிஹி அட்யூடோர்' என்று இருக்கும். ஆண்டவன் எனக்குத் துணை என்று பொருள். அதுவும் சங்கீதத்திலிருந்தே, 118ஆவதிலிருந்து, வந்தது. இரு காசுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வசனம் எதற்காக என்பது தெரிகிறது. அரசன் தனக்கு ஆண்டவன் துணை என்கிறான். கலகக்காரர்கள் தாங்கள் ஆண்டவனை நம்புவதால் அசைய மாட்டோம் என்கிறார்கள். ஒரே நூலிலிருந்து எடுத்த இரண்டு வரிகள் எதிரெதிர் அணியில் நிற்கின்றன. பக்தி பொய்யல்ல. அந்தப் பக்தி அரசுரிமை வழக்கின் ஒரு வாதமாகவும் இருந்தது. முன்புறம் யார் காசு என்று சொல்கிறது; அவர்களுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதைப் பின்புறம் சொல்கிறது.

இத்தகைய சொற்களை உள்நாட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை என்று நினைத்தால் லைடன் நகரத்தின் காகிதக் காசுகளைப் பார்க்க வேண்டும். 1574இல் ஸ்பானியப் படை நகரைச் சூழ்ந்தபோது உலோகம் தீர்ந்துபோய், கத்தோலிக்கப் பூசைப் புத்தகங்களின் தாள்களை ஒட்டி அழுத்திக் காசு அடித்தார்கள். அதில் ஒரு வகையில் 'ஹேக் லிபர்ட்டாட்டிஸ் எர்கோ' என்று பொறித்தார்கள். இது விடுதலைக்காக என்று பொருள். கால்வின் வழி மதபோதகர்களுக்கு அது பிடிக்கவில்லை. போராட்டம் மதத்துக்காகத்தான், ஆகவே மதத்துக்காக என்றே எழுதியிருக்க வேண்டும் என்று ஒருவர் பிரசங்க மேடையிலேயே கண்டித்தார். சபையில் உட்கார்ந்திருந்த நகரச் செயலர் யான் வான் ஹவுட் துப்பாக்கியை எடுத்துவிட்டார் என்பது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பசியில் செத்துக்கொண்டிருந்த நகரத்தில் காகிதக் காசின் ஒரு லத்தீன் சொல்லுக்காக மூண்ட சண்டை அது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1680களில், ஹாலந்து அடித்த கில்டர் காசில் அந்த வழக்குக்கு ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது. வேதப் புத்தகத்தின் மேல் முழங்கையை ஊன்றி, கையில் ஈட்டியும் அதன் முனையில் விடுதலைத் தொப்பியுமாக ஒரு பெண் நிற்கிறாள். சுற்றிலும் 'ஹான்க் துயேமுர், ஹாக் நித்திமுர்' என்ற வாசகம். இதைக் காக்கிறோம், இதன் மேல் ஊன்றி நிற்கிறோம் என்கிறது. காப்பது தொப்பியை, ஊன்றுவது புத்தகத்தின் மேல். இரண்டு கட்சிக்கும் இடம் கொடுத்த, மிகவும் யோசித்து எழுதிய வரி. 1786இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் மூன்றெழுத்துச் சின்னத்தோடு இதே வகைக் காசை ஆசியாவுக்காக அடித்தபோதும் வரி மாறவில்லை. பட்டேவியாவில் அந்த இரு நூற்றாண்டுப் பழைய வழக்கை அறிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

என் வாதத்தின் வலுவான சான்று தங்க டுக்காட்தான். 1586இல் வந்த இந்தக் காசின் முன்புறத்தில் கவசம் அணிந்த வீரன் நிற்கிறான். ஒரு கையில் வாள், மறு கையில் அம்புக் கட்டு. சுற்றிலும் 'கன்கோர்டியா ரெஸ் பார்வே க்ரெஸ்குன்ட்', ஒற்றுமையால் சிறியவை வளரும். ரோம வரலாற்றாசிரியர் சல்லுஸ்ட் யுகுர்தா போரைப் பற்றி எழுதிய நூலிலிருந்து எடுத்தது. அங்கே அது பாதி வாக்கியம். வேற்றுமையால் மிகப் பெரியவையும் சிதையும் என்று மீதிப் பாதி எச்சரிக்கிறது. அந்தப் பாதியைக் காசு விட்டுவிட்டது. அதே விளிம்பில் ஒற்றுமைக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு மாகாணமும் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டது: ஹாலந்து என்றால் 'ஹோல்', உட்ரெக்ட் என்றால் 'ட்ரா', கெல்டர்லாந்து என்றால் 'கெல்'. இதை முரண்பாடாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி அக்கசாலை, அதைக் குத்தகை போல ஏற்று நடத்தும் அக்கசாலைத் தலைவர், அடித்த அளவுக்கேற்ற வருமானம். எடையிலும் மாற்றிலும் கொஞ்சம் கிள்ளினால் அவருக்கு லாபம். ஆகவே அடிக்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில காசுகளை எடுத்துப் பூட்டிய பெட்டியில் போட்டு வைப்பார்கள். கூட்டாட்சியின் காசு அதிகாரிகள் வந்து அந்தப் பெட்டியைத் திறந்து உருக்கிச் சோதிப்பார்கள். குறை இருந்தால் தலைவர் ஈடு கட்ட வேண்டும். விளிம்பில் உள்ள அந்த மூன்று எழுத்து இல்லாவிட்டால் யாரைக் கேட்பது? ஒற்றுமை என்ற சொல் ஏழு மாகாணத்துக்கும் பொது. பக்கத்தில் இருக்கும் குறுக்கெழுத்து, கணக்குக் கேட்க வேண்டிய ஆளைக் காட்டுகிறது.

பின்புறத்துச் சதுரப் பலகையில் 'மோ. ஆர்டி. ப்ரொவின். ஃபோடெர். பெல்க். ஆட் லெக். இம்ப்.' என்று இருக்கிறது. கூட்டு மாகாணங்களின் அவைகளுடைய காசு, பேரரசின் சட்டப்படி அடித்தது. கடைசி மூன்று துண்டுகளில்தான் காசின் உயிர் இருக்கிறது. பேரரசு என்பது ஜெர்மானிய நாடுகளைக் கொண்ட புனித ரோமப் பேரரசு. அதன் 1559ஆம் ஆண்டுக் காசுச் சட்டம் ஒரு கொலோன் மார்க் தங்கத்திலிருந்து 67 டுக்காட் வெட்ட வேண்டும் என்றது. மாற்று 23 காரட்டும் ஒரு காரட்டில் மூன்றில் இரண்டு பங்கும். கொலோன் மார்க் ஏறத்தாழ 233.86 கிராம். 67ஆல் வகுத்தால் 3.49 கிராம் வருகிறது. இன்றும் தராசில் வைக்கும் நல்ல டுக்காட் இந்த எண்ணைத்தான் காட்டும். ஆக, அந்த வாசகம் பெருமையோ பக்தியோ பேசவில்லை. எடையையும் மாற்றையும் எண்ணாக எழுதாமல், அந்த எண்கள் எழுதப்பட்டிருக்கும் சட்டத்தைச் சுட்டிக்காட்டுகிறது. டான்சிக்கிலோ ஹாம்பர்கிலோ இருக்கும் வணிகருக்கு அந்த மூன்று துண்டுகள் போதும். மீதிக் கணக்கு அவருக்கு மனப்பாடம்.

இனி அந்த வாசகத்தின் ஆயுளைப் பார்ப்போம். 1648இல் மியூன்ஸ்டர் உடன்படிக்கையோடு டச்சுக் குடியரசு முழு இறையாண்மை பெற்றது. பேரரசோடு இருந்த கட்டு அறுந்தது. காசில் 'பேரரசின் சட்டப்படி' நீடித்தது. 1795இல் பழைய குடியரசு விழுந்து பட்டேவியக் குடியரசு வந்தது, சில ஆண்டுகளில் மாகாணங்களின் இறையாண்மையே ஒழிந்தது. காசில் 'கூட்டு மாகாணங்கள்' நீடித்தன. 1806இல் புனித ரோமப் பேரரசே கலைக்கப்பட்டது. பின்னர் ஆரஞ்சு வம்சத்து வில்லியம் ஆட்சியில் பலகையைத் திருத்தினார்கள்: 'மோ. ஆவ்ர். ரெக். பெல்ஜிஐ ஆட் லெகெம் இம்பெரிஐ'. பெல்ஜிய அரசின் தங்கக் காசு, பேரரசின் சட்டப்படி. மாகாணங்களை எடுத்து அரசை வைத்தவர்கள், ஏற்கனவே மறைந்துவிட்ட பேரரசின் சட்டத்தைச் சுருக்கம்கூட இல்லாமல் முழுச்சொல்லாகவே எழுதினார்கள். 1830இல் பெல்ஜியம் பிரிந்து தனிநாடானது. நெதர்லாந்தின் காசில் 'பெல்ஜிஐ' நீடித்தது. இன்றும் டச்சு அரச நாணயச்சாலை அடிக்கும் தங்க டுக்காட்டில் இதே பலகை இருக்கிறது.

இதெல்லாம் வெறும் சோம்பல், பழைய அச்சைப் பார்த்துப் புதிய அச்சு வெட்டுகிறவர்களின் பழக்கம் என்று சொல்லிவிடலாமே? இந்த மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கசாலைகளில் பழக்கத்துக்குப் பெரிய பலம் உண்டு. ஆனால் அதே அக்கசாலைகள் அதே காலத்தில் வேறு காசுகளைத் தாராளமாக மாற்றியிருக்கின்றன. 1659இல் வெள்ளி டுக்காட்டும் குதிரைவீரன் பொறித்த டுகாட்டனும் புதிய உருவோடு வந்தன. 1680களில் முற்றிலும் புதிய படத்தோடும் புதிய வாசகத்தோடும் கில்டர் வந்தது. மாற்றத் தெரியாதவர்கள் அல்ல. வெளிநாட்டுக்குப் போய்ப் பெயர் வாங்கிவிட்ட காசை மட்டும் தொட அஞ்சினார்கள். தொட்டுப் பார்த்த ஒருவரும் உண்டு. நெப்போலியனின் தம்பி லூயி ஹாலந்தின் அரசனாக இருந்தபோது டுக்காட்டில் தன் தலையையும் டச்சு மொழியில் தன் பட்டத்தையும் போட்டார். அவர் ஆட்சி 1810இல் முடிந்தது, அந்தக் காசும் முடிந்தது. அடுத்து வந்த அரசு தன் அரசனின் தலையை அந்த இடத்தில் வைக்கவில்லை. வாளும் அம்புக் கட்டும் பிடித்த பழைய வீரனையும் பழைய லத்தீனையும்தான் மீட்டது.

கடல் கடந்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கும் சான்றுகள் தெளிவாக இருக்கின்றன. துருக்கிய ஆட்சிப் பகுதியில் சிங்க டாலருக்குச் சிங்கத்தின் பெயரே வழங்கியது. அரபியர் அந்தச் சிங்கத்தை நாயாகக் கண்டு 'அபூ கல்ப்' என்றார்கள். ருமேனியா, மால்டோவா நாடுகளின் 'லேயு', பல்கேரியாவின் 'லெவ்' ஆகிய நாணயப் பெயர்கள் அந்தச் சிங்கத்தின் வழி வந்தவை. படம் ஐந்தாறு மொழிகளுக்குள் புகுந்து குடியேறியது. சங்கீத வாசகத்தின் சுவடு ஒன்றுகூட எங்கும் இல்லை. ஆசியாவில் 1601இலேயே ஒரு பாடம் கிடைத்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றுவதற்கு முன் ஆம்ஸ்டர்டாம் வணிகர் குழு ஒன்று ஸ்பானிய ரியால் எடையிலேயே டார்ட்ரெக்டில் வெள்ளிக் காசு அடித்து அனுப்பியது. ஒரு புறம் ஹாலந்தின் சின்னம், மறு புறம் ஆம்ஸ்டர்டாம் நகரின் சின்னம். இரண்டும் இன்னின்னாரின் சின்னங்கள் என்று லத்தீனில் தெளிவாக எழுதியும் இருந்தது. கிழக்குத் தீவுகளில் அவை எடுபடவில்லை. மக்கள் பழகிய ஸ்பானிய ரியாலையே கேட்டார்கள். எடை சரி, எழுத்து சரி, முகம் புதிது. வணிகக் காசுக்குப் புது முகம் என்பதே குறைதான்.

உள்ளூர் மக்கள் படிக்க வேண்டும் என்று ஒல்லாந்தர் விரும்பியபோது லத்தீனை நாடவில்லை என்பது இதைவிட முக்கியம். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பட்டேவியாவில் அடித்த ரூபாயில் கம்பெனியின் பெயரும் ஜாவாவின் பெயரும் அரபு எழுத்தில் இருக்கின்றன. சோழமண்டலக் கரையில் 1658 முதல் 1781 வரை அவர்கள் கையில் இருந்த நாகப்பட்டினத்துச் செப்புக் காசில் ஊர்ப் பெயர் தமிழில் இருக்கிறது; மறுபுறம் அம்மன் உருவம். பழவேற்காட்டுக் கோட்டைக்கு மட்டும் கெல்ட்ரியா என்று கெல்டர்லாந்து மாகாணத்தின் லத்தீன் பெயரை வைத்தார்கள். அது கோட்டைக்குள் இருந்தவர்களுக்கான பெயர், வெளியே காசு வாங்கியவர்களுக்கான பெயர் அல்ல. ஆசியாவை மனத்தில் வைத்து ஐரோப்பாவில் செய்த ஒரே பெரிய மாற்றமும் இதையே காட்டுகிறது. ஸ்டைவர் என்ற சில்லறை அலகில் டுகாட்டன் காசின் மதிப்பு நெதர்லாந்தில் 63, பட்டேவியாவில் 78. இந்த இடைவெளியில் கம்பெனி ஊழியர்கள் தங்கள் பெட்டிகளில் டுகாட்டன்களைக் கடத்திக்கொண்டு போய்ச் சம்பாதித்தார்கள். கம்பெனியின் காசைத் தனியார் காசிலிருந்து பிரித்தறிய 1728இல் டுகாட்டனில் கம்பெனியின் மூன்றெழுத்துப் பின்னலைச் சேர்த்தார்கள். செப்புத் துட்டிலும் அதே பின்னல் 1726 முதல் வந்தது. நம் பேச்சில் இன்றும் புழங்கும் 'துட்டு' அந்தச் செப்புக் காசின் டச்சுப் பெயர்தான். டுகாட்டனின் விளிம்பில் லத்தீன் நீடித்தது. புதிய தேவைக்குப் புதிய அடையாளத்தைப் பக்கத்தில் வைத்தார்கள்; பழைய பொறுப்புச் சீட்டைக் கலைக்கவில்லை.

இங்கே கூர்மையான மறுப்பு ஒன்று எழுகிறது. வாங்குகிறவர் படிக்கவில்லை, தராசும் உரைகல்லும் போதும் என்றால் வாசகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதானே? இதற்குப் போலிக் காசு அடித்தவர்களே பதில் சொல்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் குட்டிச் சிற்றரசர்கள் கிழக்கு மத்தியதரைக்கடல் சந்தைக்காகச் சிங்க டாலரைப் போலவும் டுக்காட்டைப் போலவும் காசு அடித்தார்கள். படத்தை அச்சு அசலாக எடுத்தார்கள். வாசகத்தை மட்டும் எழுத்து எழுத்தாகத் திருகினார்கள். எட்டி நின்று பார்த்தால் அதே காசு, நிறுத்திப் படித்தால் சிற்றரசரின் சொந்தப் பெயர். யாரும் படிக்காத எழுத்து என்றால் இந்தச் சிரமம் எதற்கு? ஐரோப்பிய நீதிமன்றத்தில் கள்ளக் காசுக் குற்றம் விழாமல் தப்பிக்கத்தான். சந்தையை ஏமாற்றப் படம் போதும். சட்டத்திலிருந்து தப்ப வாசகம் வேண்டும். 1660களில் துருக்கியச் சந்தையை நிறைத்த லூயிஜினோ என்ற சின்னஞ்சிறு வெள்ளிக் காசுகளில் ஒரு வகை, தன் மாற்று ஐந்து அவுன்ஸ்தான் என்று, அதாவது பாதிக்கும் குறைவான வெள்ளிதான் என்று, லத்தீனில் தானே அறிவித்தது. வாங்கியவர்களால் படிக்க முடியவில்லை. அடித்தவரால் நான் மறைக்கவில்லையே என்று வாதாட முடிந்தது. இதில் டச்சுக்காரர்களும் தூயவர்கள் அல்லர். 1580களில் அவர்களுடைய சில மாகாண அக்கசாலைகள் இங்கிலாந்தின் ரோஸ் நோபிள் தங்கக் காசைப் பார்த்து அடித்தன.

ரஷ்யா இன்னொரு பாதையில் போனது. 1735 முதல் 1860கள் வரை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அக்கசாலை டச்சு டுக்காட்டை இரகசியமாக அடித்தது. வெளிநாட்டுக்குப் போன படைகளுக்குச் சம்பளம் கொடுக்கவும் ஆசிய வணிகத்துக்கும் அது தேவைப்பட்டது. அலுவலகத் தாள்களில் அதற்கு 'தெரிந்த காசு' என்று மட்டுமே பெயர். இங்கே வாசகத்தையும் அப்படியே எடுத்தார்கள். தங்கத்தில் குறை வைக்கவில்லை. நான் முதலில் சொன்ன இரண்டு கேள்விகளும் இங்கே தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன: யார் பொறுப்பு என்ற பகுதி பொய், எந்தச் சட்டப்படி என்ற பகுதி மெய். காசு செல்லுபடியானது மெய்யான பகுதியால்; டச்சு அரசு கண்டனம் தெரிவித்தது பொய்யான பகுதிக்காக. 1831இல் வார்சாவில் ஜாருக்கு எதிராகக் கிளர்ந்த போலந்துக்காரர்களும் தங்கள் செலவுக்கு இதே டுக்காட்டை அடித்தார்கள். வீரனின் தலைக்குப் பக்கத்தில் சின்னஞ்சிறிய கழுகு ஒன்றை வைத்ததைத் தவிர மற்றதெல்லாம் உட்ரெக்ட் காசு. தன் நாட்டுக்காகப் போரிடுகிற அரசு தன் பெயரைக் காசின் விளிம்பில் எழுதாமல் ஒரு கழுகோடு நிறுத்திக்கொண்டது. அப்போதுதான் அந்தக் காசு வார்சாவுக்கு வெளியே ஆயுதம் வாங்கப் பயன்படும்.

நம் நாட்டில் டச்சுக் காசுகளைப் பற்றி எழுதப்படும் பட்டியல்களில் பெரும்பாலும் 'டச்சு, வெள்ளி, வீரன் உருவம்' என்ற ஒரு வரியோடு வேலை முடிந்துவிடுகிறது. மேலே சொன்ன எதையும் அந்த வரியிலிருந்து மீட்க முடியாது. சிங்க டாலர் பலவற்றில் அச்சு சரியாக விழாமல் பாதி எழுத்துகள் மங்கியிருக்கும்; அப்படி இருந்தாலும் தெரியும் எழுத்துகளை உள்ளது உள்ளபடி, புள்ளிகளோடு, எழுத்துக் குறையோடு எழுதிவைக்க வேண்டும். மாகாணக் குறுக்கெழுத்து எந்த அக்கசாலை என்று சொல்லும். திருகிய எழுத்து இத்தாலியச் சாயல் காசைக் காட்டிக்கொடுக்கும். பலகையில் 'ப்ரொவின்' இருக்கிறதா 'ரெக்' இருக்கிறதா என்பது பழைய மாகாணங்களின் வகையா வில்லியம் காலத்து வகையா என்று பிரிக்கும். தேய்ந்த எழுத்தைத் துலக்குகிறேன் என்று புளியோ, பொடியோ, அமிலமோ போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த பிறகு மீதமிருந்த எழுத்தும் போய்விடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கால் மணி நேரம் பொறுமையாகப் படியுங்கள், படித்ததை எழுத்துக்கு எழுத்து குறித்துவையுங்கள். வீட்டில் பரம்பரையாக வந்த காசானாலும் அருங்காட்சியகத்தின் பெட்டியில் உள்ள காசானாலும் இதுதான் முதல் வேலை.